பன்னிரண்டு இஞ்ச் டயர் நாலு

பிரிக்ஃபீல்ட்ஸ்
8 செப்டம்பர் 2025, திங்கள்

அமுதவள்ளிக்கு,

போன வியாழக்கிழமை மழையில் கார் வழுக்கிவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை, அது பாட்டுக்குப் பக்கத்து வழியில் இறங்கி ஓரக் கம்பியில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கொஞ்சம் திட்டினான். நியாயம்தான்.

எந்தக் கார் என்று கேட்பாய். அதே பழைய கஞ்சில் கார்தான். நாம் இரண்டு பேரும் சேலை மூட்டை ஏற்றி, இரவுச் சந்தைகளில் விற்க, பாசார் மாலம் பாசார் மாலமாகச் சுற்றினோமே, அதுதான். சேலைக் கடை வைத்த பிறகும் நான் அதை விடவில்லை.

டயர் மாற்ற வேண்டும். இங்கே மூன்று கடை ஏறி இறங்கினேன். “பன்னிரண்டு இஞ்சா ஆன்டி? அதெல்லாம் இப்போ யாரும் வைக்கிறதில்லை லா” என்று சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும், “கிள்ளான்ல மேரு ரோட்டுல அமுதா டயர்னு ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட இருந்தா இருக்கும்” என்றான். எனக்கே வந்து சொல்கிறான்.

என் மகள் மலர்விழியின் பிடிவாதம் உனக்குத் தெரியும். இப்போது நர்ஸ் ஆகிவிட்டாள், பிடிவாதம் இன்னும் கூடிவிட்டது. வண்டி அவள் பேரில் இருக்கிறது. ரோட் டெக்ஸ் அக்டோபர் பதினைந்தோடு முடிகிறது. அதற்குள் நல்ல டயர் ஏறாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்கிறாள். இரும்புக்காரனிடம் பேசியும் விட்டாள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏன் என்று உனக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

உன் நம்பரை நான் போனிலிருந்து எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. மலரைக் கேட்டால் கொடுப்பாள். கேட்க மனமில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். திங்களும் வியாழனும் என் கடைப் பார்சலைக் கிள்ளானுக்கு எடுத்துப் போகும் திருச்செல்வம் இதைக் கொண்டுவந்து தருவான்.

வாடிக்கைக்காரியாகத்தான் கேட்கிறேன். சரக்கு இருக்கிறதா, என்ன விலை? பழைய பேச்சு எதுவும் வேண்டாம்.

ரோகிணி


மேரு, கிள்ளான்
11 செப்டம்பர்

ரோகிணி அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. உங்க சைஸ் டயர் நாலு என்கிட்ட இருக்கு. தர மாட்டேன்.

கோவத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்த நாலும் 2018ல செஞ்சது. வாங்க ஆளில்லாம ஏழு வருஷமா மேல் தட்டுல தூங்குது. ஓடவே இல்லை, பார்வைக்குப் புதுசு. கறுப்புத் தைலம் பூசி முன்னால வெச்சா மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். ஆனா ரப்பர் இறுகிப்போச்சு. காய்ஞ்ச ரோட்டுல தெரியாது, மழையில காட்டிக் கொடுத்துடும். உங்க வண்டி வழுக்கினதுக்கும் டயர் தேய்மானம் பாதிக் காரணம்னா வயசு பாதிக் காரணம்.

புதுசா எடுக்கணும்னா மொத்த வியாபாரி தவுக்கே எட்டுக்குக் குறைஞ்சு இறக்க மாட்டார். இந்த சைஸ்ல மீதி நாலை நான் யார் தலையில கட்டுறது? அதையும் பார்க்கணும். ஒண்ணு நூற்று முப்பது வெள்ளி. மூணு வாரம் ஆகும்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். இப்பவும் பின்னால மூட்டை ஏத்துறீங்களா? காத்து எவ்வளவு வெக்கிறீங்க?

அந்த வண்டி இன்னும் ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. திருச்செல்வத்தைக் கேட்டேன், அதே கலர்தானான்னு. அதேதான்னான். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது சுங்கை வே பாசார் மாலம் ஞாபகம் வந்துச்சு. நமக்கு அங்கே கடை போட இடம் கொடுக்கலைன்னு காரை ஓரமா நிறுத்தி, பானெட் மேல வெள்ளைத் துணி விரிச்சு சேலை அடுக்கினோமே. எஞ்சின் சூட்டுல பட்டு வெதுவெதுன்னு இருக்கும். மழைத் தூத்தல்ல வர்ற பொம்பளைங்க சேலையைத் தொட்டுட்டுக் கையை எடுக்க மாட்டாங்க. அந்தச் சூட்டுலயே பாதி வித்துரும். வரிசை வரிசையா லைட் போட்டு வெச்சிருந்த பெரிய கடைக்காரனுக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியலை.

பழைய பேச்சு வேண்டாம்னீங்க. இதோட நிறுத்திக்கிறேன்.

அமுதவள்ளி


பிரிக்ஃபீல்ட்ஸ்
15 செப்டம்பர்

அமுதவள்ளிக்கு,

தட்டில் சரக்கை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சொல்கிற வியாபாரி இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான். அன்றைக்கும் அதைத்தான் செய்தாய்.

நீயே ஆரம்பித்தாய், அதனால் நானும் சொல்கிறேன். மேரு பாசார் மாலம். தீபாவளிக்கு முந்தின வாரம். சுங்கை பூலோவிலிருந்து ஒரு டீச்சரம்மா தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தார். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். அவருக்குப் பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. நான் பையில் போடக் குனிகிறேன். நீ அதை வாங்கி, மடிப்பைப் பிரித்து, இரண்டு கையாலும் இழுத்தாய். அவர் கண்ணெதிரில் கிழிந்தது. “டீச்சர், இது பழைய சரக்கு, மடிப்புல விட்டுப்போச்சு. அது தெரியாம மாத்தி மடிச்சு வெச்சிருக்கோம்” என்றாய். ‘வெச்சிருக்கோம்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டாய். சுற்றிப் பதினைந்து பேர்.

நான் இன்றைக்கும் சொல்கிறேன், அந்தச் சேலை ஒரு கல்யாணத்துக்குத் தாங்கும். உட்கார்ந்து எழுந்து சாப்பிட்டு வருவதற்கு என்ன கேடு? ஊரில் எந்தக் கடைக்காரன் மாற்றி மடிக்காமல் விற்கிறான்? நாளையிலிருந்து வராதே என்று நான் சொன்னது சொன்னதுதான்.

உன் நூற்று முப்பதும் எனக்கு வேண்டாம், மூன்று வாரமும் வேண்டாம். தீபாவளி நெருங்குகிறது. தையல்காரி வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நான் தினமும் அலைகிறேன். நேற்று சுங்கை வேக்குப் போனேன், நீ ஞாபகப்படுத்தியதால் அல்ல, அங்கே ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டதால். நாலு டயர் வைத்திருக்கிறான். தொண்ணூற்றைந்து சொன்னான். நான் திரும்பி நடந்தேன், கூப்பிட்டான். எழுபத்தைந்தில் முடித்தேன். தொட்டும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. இன்றைக்கு மத்தியானம் மாட்டப் போகிறேன்.

நீ கேட்டாயே, மூட்டை ஏற்றுகிறேன். காற்று, பெட்ரோல் நிலையத்தில் பையன் எவ்வளவு வைக்கிறானோ அவ்வளவு.

ரோகிணி


மேரு
15 செப்டம்பர், அவசரம்

அக்கா,

திருச்செல்வத்தை நிறுத்தி வெச்சுக்கிட்டு எழுதுறேன். வேனை எடுக்கணும்னு முணுமுணுக்கிறான்.

மாட்டாதீங்க. மினுமினுன்னு இருக்கிற டயரைத்தான் முதல்ல சந்தேகப்படணும். புது ரப்பருக்கு அவ்வளவு மினுக்கு கிடையாது. டயர் பக்கச் சுவர்ல DOTன்னு போட்டு நீளமா எழுத்து இருக்கும். அது முடியற இடத்துல சின்ன வட்டத்துக்குள்ள நாலு எண். ஒவ்வொரு டயர்லயும் அந்த நாலு எண்ணை மட்டும் பார்த்து எழுதி அனுப்புங்க. அதுவரைக்கும் கைக்காசைக் கொடுத்துடாதீங்க.

டீச்சர் விஷயத்துக்குப் பதில் இருக்கு. முதல்ல எண்ணை அனுப்புங்க.

அமுதா


பிரிக்ஃபீல்ட்ஸ்
18 செப்டம்பர்

அமுதாவுக்கு,

உன் துண்டுச்சீட்டு வருவதற்குள் டயர் ஏறிவிட்டது. திருச்செல்வம் வழியில் எங்கேயோ தே தாரேக் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டு இருட்டின பிறகு வந்தான். கேட்டால், “ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடி எனக்குத்தான் முதல்ல டயர் தேயும், ஆன்டி” என்கிறான்.

வண்டி வழவழவென்று ஓடுகிறது. மலர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, இரும்புக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள். நீ கேட்டாய் என்பதற்காகக் கீழே குனிந்து பார்த்தேன். என் இடுப்புக்குத்தான் கேடு. இரண்டில் 3415. ஒன்றில் 0816. இன்னொன்றில் 3415 மாதிரிதான் இருக்கிறது, அழிந்திருக்கிறது. என்ன ராசி எண்ணோ, நீதான் சொல்ல வேண்டும்.

மாட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. சுங்கை வேயில் நாம் நிறுத்துகிற அந்த ஓரத்தில் சும்மா நிறுத்திப் பார்த்தேன். இப்போது அங்கே போன் கவர் விற்கிறவர்கள்தான். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. “ஆன்டி, இங்க பார்க்கிங் இல்லை” என்றான் ஒருவன். நான் இந்த இடத்தில் பத்து வருஷம் நின்றவள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? நகர்ந்து வந்தேன். வழியெல்லாம் முன் சீட்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மூட்டைக்கு இடம் வேண்டும் என்று அதைக் கழற்றி உன் அப்பா வீட்டில் போட்டோமே. நீ பின் சீட்டில் மூட்டைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, அன்றைக்கு வசூலான வெள்ளியை எண்ணாமல், விற்காமல் போன சேலையை எண்ணிக்கொண்டு வருவாய். மலர் உன் மடியில் தூங்கும்.

நீ டீச்சர் விஷயத்துக்குப் பதில் இருக்கிறது என்றாய். எனக்கும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மழையில் நீ மேரு பஸ் நிறுத்தத்தில் நின்றாய். நான் வண்டியை உன் எதிரில் நிறுத்தினேன். நீ ஏறவில்லை. வண்டியை நிறுத்தினவள் நான். அதை மறந்துவிட்டு எட்டு வருஷம் இருந்தவள் நீ.

ரோகிணி


மேரு
22 செப்டம்பர்

அக்கா,

ராசி எண் இல்லை. முதல் ரெண்டு எண் வாரம், கடைசி ரெண்டு எண் வருஷம். 3415ன்னா 2015ல முப்பத்தி நாலாவது வாரம் செஞ்சது. உங்களுக்கு ஏறியிருக்கிறது பத்து வருஷப் பழசு. என் தட்டுல தூங்குறதைவிட மூப்பு. அந்த 2018 சரக்கையே நான் தர மாட்டேன்னேன்.

எப்படி ஏமாந்தீங்கன்னு யோசிச்சேன். கிள்ளான் சந்துல இருந்து சென்னை வரைக்கும் எந்தக் கடைக்காரனும் உங்ககிட்ட பழைய பட்டைத் தள்ள முடியாது. தொடாமலே சொல்வீங்க. டயரை மேல் பக்கம் தொட்டீங்க. பட்டை எங்கே பார்ப்பீங்க? மடிப்புல. டயருக்கும் மடிப்பு இருக்கு. தரையில படுற இடத்துல பள்ளம் பள்ளமா கோடு போகுது பாருங்க, அந்தப் பள்ளத்தோட அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தா, அந்தச் சேலை எந்தக் கல்யாணத்துக்கும் தாங்காது. அதைக் கட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு மேடையில மானம் போகும். இதை மாட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு உயிர் போகும். மழை வர்ற நாள்ல நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீங்க. நான் கெஞ்சிக் கேக்கிறேன்னு வேணும்னா வெச்சுக்கோங்க.

நீங்க கேக்காமலே பதினைஞ்சாம் தேதியே தவுக்கேகிட்ட எட்டு டயர் சொல்லிட்டேன். மூணு வாரம்னவர் ஒரே வாரத்துல கொண்டாந்து இறக்கிட்டார். இந்த வருஷத்துச் சரக்கு, 2625. நீங்க வாங்கலைன்னா எட்டும் என் தலையில. என் புருஷன் கேட்டார், கஞ்சில் காரை மறுபடி செய்ய ஆரம்பிச்சுட்டாங்களான்னு.

டீச்சர் விஷயம். நீங்க மாத்தி மடிச்சதுக்கு நான் கிழிக்கலை. முந்தின வாரம் அதே மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டுப் போன பொண்ணு திரும்பி வந்து நின்னா, நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. அவ சத்தம் போடலை. சேலையைக் கையில கொடுத்துட்டு, “அக்கா, எல்லாரும் பார்த்தாங்க”ன்னு மட்டும் சொன்னா. உங்ககிட்ட நான் சொல்லலை. இன்னொருத்தர் அப்படி வந்து நிக்கிறதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பஸ் நிறுத்தம். நீங்க நிறுத்தினது நிஜம். நான் எப்படி ஏறுறது? முன் சீட்டு இல்லை. பின்னால இடது கதவோட வெளிக் கைப்பிடி உடைஞ்சு கிடந்தது. நீங்கதான் உள்ளே இருந்து கையை நீட்டித் திறந்து விடணும். எப்பவும் அப்படித்தான். நான் நனைஞ்சுக்கிட்டே கதவைப் பார்த்தேன். நீங்க நேரா ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. திறக்கலை. அப்புறம் கிளம்பிட்டீங்க. ஏற வேண்டாம்னுதான் நினைக்கிறீங்கன்னு நான் வேற என்ன நினைக்க?

அமுதா


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 அக்டோபர்

அமுதா,

போன திங்கள் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. திருச்செல்வத்தை வெறுங்கையோடு அனுப்பினேன். அவன் முகம் வாடிவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கிறது. நாலிலும் இருக்கிறது. ஒன்றில் என் நகம் உள்ளே போகிறது. சுங்கை வேக்காரனிடம் போனேன். “ஆன்டி, நீங்கதானே தொட்டுப் பார்த்து எடுத்தீங்க” என்றான். நான் வாடிக்கைக்காரியிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேனோ அதே வார்த்தை, அதே சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்திருந்தேன், மலர் எடுத்துப் படித்துவிட்டாள். “சித்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். உன்னை இன்னும் சித்தி என்றுதான் சொல்கிறாள், எனக்கு இத்தனை நாள் தெரியாது. இரும்புக்காரன் பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை வண்டியோடு வருகிறான். அதற்குள் உன் கடை ரசீதைக் கண்ணில் காட்டினால்தான் அவனை நிறுத்துவாளாம். வேறு கடை ரசீது செல்லாதாம்.

அந்தக் கதவு. நான் கையை நீட்டினேன், அமுதா. எட்டவில்லை. அன்றைக்கு உன்னைப் போகச் சொல்லிவிட்டு மூட்டையை நான் ஒருத்தியே ஏற்றினேன். நீ அடுக்கினால் நடுவில் என் கை போக ஒரு சந்து விட்டுத்தான் அடுக்குவாய். எனக்கு அது தெரியவே தெரியாது, கை தானாகப் போய்வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கூரை வரைக்கும் மூட்டை. இரண்டு தரம் தள்ளிப் பார்த்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். நீ கண்ணாடியைத் தட்டுவாய் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ தட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் கையை நீட்டியதை நீ பார்க்க முடியாதபடி மூட்டை மறைத்திருக்கும், இப்போது யோசித்தால் தெரிகிறது.

அந்தப் பெண் திரும்பி வந்ததை நீ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் நான் அவளிடமும் வாதாடியிருப்பேன் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய்.

இனி வியாபாரம். எட்டு டயரில் நாலு உன் தலையில் நிற்கிறது என்றாய். மலர் சாவியைப் பிடுங்கிய மறுநாளிலிருந்து இங்கே ரோட்டில் கஞ்சில் எது போனாலும் நிறுத்திக் கேட்டேன். இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். மூன்றாவது ஆள் பவுனம்மாள், தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். அவர் வண்டியும் பன்னிரண்டு இஞ்ச், டயர் வழுக்கை. பேசி முடித்துவிட்டேன். இரண்டு வண்டி, எட்டு டயர், உன் தட்டு காலி. ஆள் பிடித்துத் தந்தவளுக்கு என்ன குறைப்பாய்? நூற்றுப் பத்து என்று நான் சொல்கிறேன்.

ரோகிணி


மேரு
6 அக்டோபர்

அக்கா,

கடிதத்தைக் கடையில நின்னபடி படிச்சேன். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து இன்னொரு தடவை படிச்சேன். கதவைப் பத்தி எழுதினதை மட்டும் மூணாந்தடவை. கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். ஒரு விரல் போதும். மழையில நின்னுக்கிட்டு, கூப்பிட்டா ஏறுவோம்னு எனக்கும் ஒரு திமிர்.

சந்து விட்டு அடுக்கினதை நானே மறந்துட்டேன். நீங்க சொன்னதும் என் கைக்கு ஞாபகம் வந்துச்சு.

நீங்க ரோட்டுல பவுனம்மாளைப் பிடிச்ச கதையைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. பாசார் மாலத்துல நீங்க நடுரோட்டுல நின்னு ஆளைக் கூப்பிடுவீங்க, நான் பானெட்டுல விரிச்சுக் காட்டுவேன். நீங்க கூப்பிட்டு வராத ஆள் கிடையாது. அந்த அம்மாவுக்குச் சொல்லி வெச்சுடுங்க, அவங்க வண்டியில நான் வேற குறை கண்டாலும் முகத்துக்கு நேரா சொல்லுவேன். உங்களை மாதிரி கோவிச்சுக்கக் கூடாது.

மலருக்கு நானே போன் பண்ணிட்டேன். சாவி ஞாயித்துக்கிழமை காலையில உங்க கைக்கு வரும். இரும்புக்காரனை வரச் சொல்ல வேண்டாம்னுட்டேன், சரின்னா. ரெண்டு வார்த்தைதான் பேசினோம்.

இனி என் கணக்கு. நூற்றுப் பத்துக்குத் தந்தா நான் கடையைச் சாத்திட்டு மறுபடி சேலை விக்கப் போகணும். ஒண்ணு நூற்று இருபது. உங்களுக்கு நாலு, நானூற்று எண்பது வெள்ளி. பவுனம்மாளுக்கும் அதே விலைதான், ஒரு வெள்ளி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். மாட்டுற கூலி, பேலன்சிங், புது வால்வு எல்லாம் அதுல அடங்கும். கடன் கிடையாது, ரசீது உண்டு. கழட்டுற பழைய நாலையும் நான் எடுத்து வெட்டிப் போட்டுடுவேன், இன்னொருத்தர் வண்டிக்குப் போகாது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, வெயில் ஏறின பிறகு கிளம்புங்க, பழைய ரோட்டு வழியா மெதுவா வாங்க. தூத்தல் இருந்தா வராதீங்க, நான் திருச்செல்வத்தோட வேன்ல அங்கே வந்து ஓட்டிக்கிட்டு வரேன்.

மாட்டின பிறகு மாசம் ஒரு ஞாயிறு காத்துப் பார்க்க வண்டி இங்கேதான் வரணும். ஓட்டிக்கிட்டு நீங்கதான் வரணும், ஆள் விட்டு அனுப்பக் கூடாது. மத்தியானச் சாப்பாடு என் வீட்டுல. காத்துக்குக் காசு கிடையாது.

அமுதா